புதன்கிழமை கொடுத்த அப்பம்

தொண்ணூற்றொன்று. சற்று முன்னால் தொண்ணூற்று மூன்று இருந்தது. சாரின் விரலைக் கவ்விக்கொண்டிருக்கிற இந்தக் குட்டிக் கருவிக்கு என்ன தெரியும், விரல் குளிர்ந்திருந்தாலே ரத்தத்து ஆக்சிஜன் கணக்கைக் குறைத்துக் காட்டும் என்று சுகிர்தா சொல்லியிருக்கிறாள், தேய்த்துவிட்டு மாட்டினால் ஏறும், அதனால் தேய்த்தேன், அவருடைய இடது கையை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் சூடானது. தொண்ணூற்றொன்று. சரி, குறையவில்லையே, அது போதும். மணி பத்து ஐந்து. டாக்டர் பதினொன்றுக்கு வருவார். அதற்குள் நான் சுகிர்தாவிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பழகின வழி, வியாழன் வெள்ளி இரண்டு நாளும் யாரிடமும் சொல்லாமல் அப்படித்தான் கழித்தேன். காற்று மெத்தையின் மோட்டார் கட்டிலுக்கு அடியில் முனகிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே சாரின் நெஞ்சு, கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், உள்ளே இழுக்கும்போது குறைவு, வெளியே விடும்போது அதிகம். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு ஞானசிகாமணி சாரைத் தெரியும், பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியிருப்பார்கள், ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்திரண்டு வயது, போன வருஷம் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. மகள் சுகிர்தா டீச்சர், அவள் பள்ளிக்கூடம் போகிற நாட்களில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து முறை வைத்து ஆள் வருவோம், திங்கள், புதன், சனி என் முறை. சம்பளம் கிடையாது, காப்பி உண்டு. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பெயர் மேபல், நல்ல பெயர் எடுத்தவள். புதன்கிழமை இந்த அறையில் இவருக்கு நான் ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன், அது எனக்கும் இவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

கொடுக்கக் கூடாது என்பது தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சாருக்கு உடம்பு விழுந்தபோது தொண்டையும் பாதி விழுந்துவிட்டது, கெட்டியாக எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதனால் இட்லி கூடாது, ரொட்டி கூடாது, சோறு கூடாது, எல்லாம் கூழ் பதத்தில், முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்து, தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, சின்ன ஸ்பூனில் பாதி, விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த பாதி. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிக்கொடுத்தபோது சுகிர்தா நோட்டில் எழுதிக்கொண்டாள், நான் எழுதவில்லை, எனக்கு மனப்பாடம், மற்ற பெண்களுக்கு நான்தான் பாடம் எடுத்தேன், போன மாதம் புதிதாக வந்த அந்த ஜாய்ஸ் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்கப் போனபோது, ஏ பிள்ள, ஆளைக் கொல்லவா வந்த என்று கேட்டவள் நான். கேட்டேனா? கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். புதன்கிழமை மாதத்தின் முதல் புதன். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம், முதல் புதனன்று ஐயர் கறுப்புப் பெட்டியோடு, படுக்கையில் கிடக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நற்கருணை கொண்டுவருவார், ஆண்டவருடைய சரீரமும் இரத்தமுமாக நாங்கள் வாங்குகிற அப்பமும் திராட்சரசமும். வந்தார், பெட்டியைத் திறந்தார், மருந்துச் சீசாக்களை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் துணி விரித்தார், ஜெபித்தார், அப்பத்தைப் பிட்டார். சாரின் முறை வந்ததும் ஸ்பூன் நுனியைத் திராட்சரசத்தில் நனைத்து நாக்கில் தொட்டுவிட்டு, போதும் சார், ஆண்டவருக்குத் தெரியும் என்றார். எட்டு மாதமாக அப்படித்தான். சாருக்காகப் பிட்ட துண்டு தட்டில் அப்படியே கிடந்தது. ஆசீர்வதித்த அப்பத்தை எறியக் கூடாது, திரும்பப் பெட்டிக்குள் வைக்கவும் கூடாது, யாராவது சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், அதுதான் முறை. ஐயருக்கு அன்றைக்கு அது ஐந்தாவது வீடு, முந்தின வீட்டு மீதியெல்லாம் அவரே தின்றிருப்பார் போல, மேபலம்மா, இத நீங்க எடுத்துக்கிடுங்க, வீணாகக் கூடாது என்று தட்டை என் கையில் தந்துவிட்டு முன்னறைக்குக் காப்பிக்குப் போய்விட்டார். அரைநாள் லீவு போட்டிருந்த சுகிர்தா அடுப்படியில் இருந்தாள், மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி, என்றார். அவர் பேச்சு குழறும், எனக்கு மட்டும் நன்றாகப் புரியும். பாதி மேபலு, எட்டு மாசமா எனக்குப் பாதிதான் தாராங்க. சொல்லிவிட்டு அழுதார், என் வாழ்நாளில் நான் பார்த்த அத்தனை வாத்தியார்களும் சேர்ந்து அழுத மாதிரி இருந்தது, வாய் ஒரு பக்கம் கோணி, சத்தமே இல்லாமல்.

கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு நற்கருணை ரொட்டி வெட்டுகிறவள் நான், அளவு எனக்குத் தெரியாதா. தாடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நாக்கில் வைத்தேன், ஒரு ஸ்பூன் கூழும் கொடுத்தேன், இறங்கிவிடும் என்று நினைத்தேன், அவரும் தலையசைத்தார், பிறகுதான் அந்த இருமல். இருமலே இல்லை அது, இருமப் பார்த்து முடியாமல் போனது. கண் இரண்டும் பெரிதாகி, உதடு நாவல்பழம் தின்றது போலாகி, நான் அவரை முன்னால் சாய்த்து முதுகில் அடித்தேன், ஆண்டவரே ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே அடித்தேன், ஹெட்மாஸ்டரை அடிக்கிறோம் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது, மனசுக்கு நேரம் காலமே கிடையாது. மிக்சி நின்றது. அவருக்கு மூச்சு வந்தது. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. விழுங்கிவிட்டார், அவ்வளவுதான், விழுங்கியிருப்பார். தலையணையில் சாய்த்தபோது முகம் நனைந்து, ஆனால் சிரித்தார், நல்ல பக்கத்து வாயால் மட்டும். இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார், வகுப்பில் சத்தம் போடாதே என்பதற்கு வைப்பாரே, அப்படி. நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் மூன்று நாளாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அவர்தான் சொல்ல வேண்டாம் என்றார், பெரியவர் வாக்கு, நான் என்ன செய்வேன். வியாழக்கிழமை வீடு முழுவதும் கழுவினேன், கழுவ வேண்டிய அவசியமே இல்லாத தலைவாசல் கதவைக்கூட. வெள்ளிக்கிழமை காலையில் போன். சுகிர்தாதான். அப்பாவுக்கு லேசா காய்ச்சல்க்கா, சளியும் இருக்கு, இந்த மழை ஒத்துக்கிடல போல, புதன்கிழமை உங்க கையில நல்லாதான சாப்பிட்டாங்க, வேற எதுவும் கொடுக்கலையே? கேள்வியை அப்படியே என் கையில் வைத்தாள். நான் என்ன சொன்னேன்? நல்லாத்தான் இருந்தாங்க சுகிர்தா, பயப்படாத, நான் ஜெபிக்கேன். சொன்னபடியே ஜெபித்தேன், முழங்கால் நோகுகிற அளவுக்கு. ஜெபிக்கேன் என்று சொல்லிவிட்டால் எங்களிடம் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு யானையையே ஒளித்து வைக்கலாம்.

தொண்ணூறு. கழற்றி மாட்டினேன். தொண்ணூறு. சுகிர்தா கிண்ணத்தோடு வந்துவிட்டாள், கேழ்வரகுக் கூழ், வடிகட்டி இரண்டு தடவை அரித்தது. மூச்சு இப்படி இருக்கும்போது கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன், அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது, எவ்வளவு ஜாக்கிரதையான பெண்பிள்ளை பாருங்கள். அவள் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு அப்பா நெற்றியில் கை வைத்தாள், வைத்த கையை எடுக்காமலே நின்றாள். தலை சீவவில்லை, நேற்று கட்டின சேலை. அக்கா, நீங்க வந்தாத்தான் எனக்கு மூச்சே வருது, காலையில இருந்து கையும் ஓடல காலும் ஓடல, நீங்க உள்ள வந்ததும் சரி இனிமே பரவாயில்லைன்னு இருந்துச்சு. அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு ஒரு நொடி முன்னால்வரை என் வாய்க்குள் வார்த்தை தயாராக இருந்தது, சுகிர்தா, புதன்கிழமை ஒரு காரியம் நடந்துச்சு, இவ்வளவுதான், இதைச் சொல்லிவிட்டால் மீதி தானாக வரும் என்று காலையில் பஸ்ஸில் இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். சுகிர்தா, என்றேன். என்னக்கா? நீ ஒரு வாய் காப்பி குடிச்சியா? அவள் கண் கலங்கி இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள், எனக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வருவாள், நான் குடிப்பேன். சார் கண்ணைத் திறக்கவில்லை. காலையிலிருந்து திறக்கவில்லை, கூப்பிட்டால் புருவம் அசைகிறது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும், திறக்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. சார், சொல்லிரட்டுமா சார், என்று காதருகே குனிந்து கேட்டேன். கொதிக்கிற சத்தம்தான்.

சொன்னால் என்ன ஆகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், பார்த்துவிட்டால் பயம் குறையும் என்று ஐயர்கூடப் பிரசங்கத்தில் சொன்னார். சுகிர்தா கத்துவாள், இல்லை, அவள் கத்தமாட்டாள், பேசாமல் இருப்பாள், அது மோசம். பிறகு ஐயருக்குத் தெரியவரும், ஏனம்மா உங்களைத்தானே எடுத்துக்கச் சொன்னேன் என்பார், பிறகு அவரைக் கேட்பார்கள், ஆசீர்வதித்த அப்பத்தை நோயாளி பக்கத்தில் விட்டுவிட்டு நீர் எப்படிக் காப்பி குடிக்கப் போகலாம் என்று, சுற்றுவட்டாரச் சபைகளெல்லாம் சேர்ந்த எங்கள் சேகரத்தில் ஒருவர் தும்மினாலே மூன்று கமிட்டி கூடும், இதற்கு எத்தனை கூடுமோ. பிறகு ஊர். நற்கருணை வாங்கிச் செத்துப்போனார் என்று சொல்லுவார்கள், நம்பாதவர்கள் சிரிப்பார்கள், அதற்கு நான் காரணம். போன வருஷம் கோயிலில் அறுவடைக்கு நன்றி சொல்லுகிற அறுப்பின் பண்டிகையில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மேபலம்மா கை வைத்தால் நோயாளிக்கு நிம்மதி என்று மைக்கில் சொன்னார்கள், வேண்டாம் வேண்டாம் என்று கூசிக்கொண்டே நன்றாகக் கழுத்தை நீட்டினேன். அது போகும். போகட்டும். இல்லை, போகட்டும் என்று சும்மா சொல்லுகிறேன், அந்தப் பொன்னாடையை மடிப்புக் கலையாமல் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆனால் அது மட்டும் இல்லை. ஞாயிற்றுப் பள்ளியில் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள், நியாயத்தீர்ப்பு, வலது பக்கம் வெள்ளை ஆடுகள், இடது பக்கம் கறுப்பு, இடது பக்கத்துக்குப் பின்னால் நெருப்பு. எனக்கு ஏழு வயது. வியாதிக்காரனைப் பார்க்கப் போகாதவர்கள், பசித்தவனுக்குக் கொடுக்காதவர்கள், அவர்களெல்லாம் இந்தப் பக்கம் என்று டீச்சர் குச்சியால் தட்டிக் காட்டினார், நான் உட்கார்ந்திருந்தது சுவருக்கு இடது ஓரத்தில். அடுத்த வாரத்திலிருந்து வலது ஓரத்தில்தான் உட்கார்ந்தேன், இன்றுவரைக்கும் கோயிலில் அந்தப் பக்கம்தான். அன்றைக்குப் பிடித்த ஓட்டம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நான் முதல் ஆள், கஞ்சி, வெந்நீர், பீ மூத்திரம் எதற்கும் முகம் சுளித்ததில்லை, வெளியே சுளித்ததில்லை. என் வீட்டுக்காரர் ரத்னசிங் இருந்த காலத்தில் கேட்பார், ஏ மேபலு, நீ ஆண்டவருக்கு வேலை பாக்கியா, போலீசுக்கு வேலை பாக்கியா, இப்படிப் பயந்து பயந்து ஓடுத? நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் அப்படித்தான் கோபம் வரும்.

ஒரு நினைப்பு வருகிறது, வரக் கூடாது, போ. அந்தத் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறதோ. நுரையீரலில், ஈரத்தில், மூன்று நாளாக. அது வெறும் ரொட்டியாக இருந்தால் ஊறி அழுகும், சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், எல்லாம் சரியாக நடக்கிறது. வெறும் ரொட்டி இல்லையென்றால்? ஆண்டவருடைய சரீரம் ஒரு கிழவரின் நெஞ்சுக்குள் தங்கி அவரைக் கொல்லுமா. போ, போ, இப்படியெல்லாம் நினைக்கிறவளைத்தான் அந்தப் படத்தில் இடது பக்கம் வரைந்திருந்தார்கள். ஆனால் நான் கேட்காமல் யார் கேட்பது, துண்டைக் கொடுத்தது நான்தானே. அப்போது அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. அதுதான் விசித்திரம், ஐம்பது வருஷமாக எத்தனை பேருக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், ஒவ்வொரு வாயிலும் எனக்கு ஒரு கண் வானத்தின் மேல் இருக்கும், பார்த்துக்கொண்டீரா, எழுதிக்கொண்டீரா என்று. புதன்கிழமை அப்படி இல்லை. ஒரு மனுஷன் பாதி என்று அழுதார், என்னால் தாங்க முடியவில்லை, கொடுத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று தோன்றவில்லை, ஆண்டவர்கூட நினைவில் இல்லை. என் வாழ்க்கையில் நான் பயமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான், அது ஆளைக் கொல்லப் பார்க்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்லுவேன். பயந்துகொண்டே செய்ததெல்லாம் நன்றாக முடிந்தது, பிரியமாகச் செய்தது இப்படி. இன்றைக்குச் சாயங்காலம் வேறு நாளைய ஆராதனைக்கு ரொட்டி வெட்ட வேண்டும், கோயில் சாவி என் பையில்தான் இருக்கிறது, இந்தக் கையால்தான் வெட்ட வேண்டும், முந்நூறு துண்டு, கட்டைவிரல் நக அளவில். எண்பத்தொன்பது. இல்லை, தொண்ணூறு. எண்பத்தொன்பது. எண் இப்படிக் கண் சிமிட்டுகிறது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம், இவ்வளவு சீக்கிரமாகவா, மணி பத்து நாற்பதுதான் ஆகிறது, இன்னும் இருபது நிமிடம் எனக்கு இருக்கிறது, அது என்னுடைய இருபது நிமிடம்.

டாக்டர் ஹபீபா மேலப்பாளையத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும், முக்காட்டின் மேலேயே ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அதைக் காதில் செருகி, சாரின் முதுகில் மேலே, கீழே, இடது, வலது, வலது பக்கம் கீழே நெடுநேரம். நான் சாரை அணைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் சூடு என் கழுத்தில். டாக்டர் சுகிர்தாவைப் பார்த்து, சளி நிறைய இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா என்றார். சுகிர்தா கையைப் பிசைந்தாள். இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க டாக்டர், வெறும் மழைச் சளிதானே, வீட்டிலேயே பாக்க முடியாதா? டாக்டர் யோசித்தார். சரி, ஆவி பிடிக்கிற மிஷின் தாரேன், ஊசி போடுதேன், நாளைக்கு வரைக்கும் பாப்போம். ஊசிப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார், ரொம்பச் சாதாரணமாக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே இறங்கணும் என்று கேட்பது போல. சாப்பாடு எதுவும் புரையேறிச்சா, கெட்டியா ஏதும் கொடுத்தீங்களா? சுகிர்தா முந்திக்கொண்டாள். அதெல்லாம் இல்ல டாக்டர், மேபலக்கா பாத்துப் பாத்துக் கொடுப்பாங்க, அவங்க கையில ஒரு பருக்கைகூடக் கெட்டியாப் போகாது. முடிந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. அவளே எனக்காகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அதற்குப் பொய்கூடச் சொல்ல வேண்டாம். சாரின் தலை என் தோளில் கனத்தது. கொதிக்கிற சத்தம் என் எலும்புக்குள்ளேயே கேட்டது, ஒரு இழுப்பு வந்தது, அடுத்தது வரவில்லை, வரவில்லை, பிறகு வந்தது. நான் கொடுத்தேன், என்றேன். யாரோ சொன்ன மாதிரி இருந்தது. புதன்கிழமை நான் கொடுத்தேன் டாக்டர், புரையேறிச்சு.

என்ன கொடுத்தீங்க? அப்பம் டாக்டர். அப்பம்னா, ஆப்பமா? இல்ல டாக்டர், எங்க கோயில்ல, நற்கருணைன்னு, அது, எப்படிச் சொல்லுவேன். சொல்லத் தொடங்கினால் ஆயிரத்தெட்டு இருக்கிறது, அவருக்கு எங்கிருந்து சொல்ல, சாரின் மூச்சுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ரொட்டி டாக்டர், என்றேன். வெறும் ரொட்டியா? சாரின் காதுக்கு அருகில்தான் என் வாய் இருந்தது. ஆமா டாக்டர், ரொட்டிதான். எவ்வளவு பெருசு? கட்டைவிரலைக் காட்டினேன். வெளிய வந்துச்சா? வரல, விரல் விட்டுப் பாத்தேன், வரல. எத்தன மணி இருக்கும்? பதினொன்றரை. டாக்டர் ஊசியை எடுக்காமலே பெட்டியை மூடிவிட்டு மறுபடி வலது பக்கம் கீழே வைத்துக் கேட்டார், பிறகு நிமிர்ந்து, அது உள்ள தங்கியிருக்கலாம், இப்ப உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், குழாய் விட்டு எடுத்துப் பாப்பாங்க, வீட்டில வச்சிருந்தா நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டாங்க என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார், திட்டவில்லை. துண்டு உள்ள போனது பெரிய விஷயம் இல்லம்மா, இப்படி நடக்கத்தான் செய்யும். புதன்கிழமையே சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருக்கலாம். இன்னைக்குச் சனிக்கிழமை. அவ்வளவுதான் சொன்னார். மூன்று நாளாக அந்த ரொட்டியைக் குற்றவாளியாக்கி, ஆண்டவரைக் குற்றவாளியாக்கி, என் பிரியத்தைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அழுகிக்கொண்டிருந்தது என் வாய்க்குள் இருந்த வார்த்தை. அதை வைத்துக்கொண்டுதான் கதவைக் கழுவினேன், முழங்கால் நோக ஜெபித்தேன். சுகிர்தா சுவரோடு சாய்ந்து நின்றாள், என்னைப் பார்த்தாள், நான் ஏதோ வாடகைக்கு வந்த புது ஆள் என்பது போல. பிறகு, நேத்து போன்ல கேட்டேனேக்கா, என்றாள். வாய் திறந்து கேட்டேனே. ஆமா, என்றேன். ஜெபிக்கேன் என்று சொல்ல அப்போதும் நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில்தான் நிற்க முடிந்தது, சந்து குறுகல். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள், வந்த வேகத்தில் சாரின் விழுந்த கையைப் பிடித்து இழுக்கப் போனார்கள், ஏ தம்பி, அந்தக் கைய இழுக்காத, தோள் கழன்றிரும், இப்படி அக்குளுக்குக் கீழ கைய விடு, நான் இடுப்பப் பிடிக்கேன், ஒண்ணு ரெண்டு மூணு. தூக்கினோம். உடம்பு வேலையைச் செய்தது, என் மனம் எங்கோ கட்டிலுக்கு அடியில் மோட்டாரோடு முனகிக்கொண்டு கிடந்தது. சந்து முழுவதும் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள், எதிர் வீட்டு அம்மா, மேபலம்மா கூட இருக்காங்கள்ல, பயப்படாத சுகிர்தா என்று சத்தமாகச் சொன்னாள், எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. வண்டிக்குள் ஏற்றினார்கள். முகத்தில் பிராணவாயு மூடியை மாட்டினார்கள், சாரின் மூச்சு அதற்குள் வெள்ளையாகப் படிந்து படிந்து மறைந்தது. சுகிர்தா ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன், கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இனிமேல் இந்த வீட்டுக்கு நான் வர முடியாது, எந்த வீட்டுக்கும் வர முடியாது, திங்கள்கிழமை காலையில் நான் என்ன செய்வேன், யாருக்கு நான் யார். சார் பிழைப்பாரா. பிழைக்கவில்லையென்றால் இடது பக்கமோ வலது பக்கமோ எனக்கு எல்லாம் ஒன்றுதான், அந்த நெருப்பை நான் இப்போதே பார்த்துவிட்டேன். கதவைச் சாத்த வந்த பையனைச் சுகிர்தா கையால் தடுத்தாள். என்னைப் பார்க்காமல் அப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டே பேசினாள். ஏறுங்க. நான் அசையவில்லை. மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்கக்கா, எனக்கு இப்ப உங்க முகத்தப் பாக்க முடியல, ஆனா அங்க போயி அப்பாவப் புரட்டணும், தூக்கணும், எனக்குத் தனியா தெரியாது, உங்களுக்குத் தெரியும், ஏறுங்க. பயமாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்காரப் பயம், வழியில் சாரின் மூச்சு நின்றுபோனால் அதைப் பார்க்கப் பயம், ஆஸ்பத்திரியில் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே, அதற்குப் பயம். அவளுக்கு வேண்டியது நான் இல்லை, இந்த இரண்டு கைகள் மட்டும்தான். அந்தக் கைகளைக் கொண்டுபோனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, சாரின் தலைமாட்டில் இருந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்து, வண்டி குலுங்கும்போது அவர் தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.